வியாழன் கோளில் விழுந்த ஏணிக்காரன்

பிப்ரவரி 4, சனி

ஒருவர் வழுக்கி விழுந்தால் பார்ப்பவருக்கு ஏன் சிரிப்பு வருகிறது? எனக்குத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், அவர் ஏன் விழுகிறார் என்று சொல்வேன். உராய்வு குறைகிறது, ஈர்ப்பு மையம் பாதத்தைத் தாண்டி வெளியே போகிறது, விழுகிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

தெரிந்துகொள்ள இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

இன்று மாலை மௌனப்படக் கழகத்தில் சீட்டு எடுத்தோம். பாளையங்கோட்டையில் இப்படி ஒரு கழகம் இருப்பது பாளையங்கோட்டைக்கே தெரியாது. வாசகசாலை மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை, இருபத்திரண்டு உறுப்பினர்கள். முதலில் எல்லாப் படங்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஸ்பீக்கர் பழுதானது. அதைச் சரிசெய்வதற்குள் ஊமைப்படம் பழகிவிட்டது.

வருடத்துக்கு ஒரு முறை 'வழக்கு' நடக்கும், இந்த வருடம் இருபத்தாறாம் தேதி. வேறு வேறு வகையைச் சேர்ந்த இரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல். படம் பார்த்து, வாதம் கேட்டு, உறுப்பினர்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டையை இரண்டு டம்ளர்களில் ஒன்றில் போடுவார்கள். தோற்றவர்தான் அடுத்த ஒரு வருடத்துக்குச் செயலாளர். அந்தப் பதவிக்கு யாரும் முன்வராததால் தலைவர் பிச்சையா கண்டுபிடித்த முறை இது. அவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டாயப்படுத்தாமல் எதுவும் ஓடாது என்பது அவருடைய அனுபவம்.

பதினோரு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். இந்த வருடம் என் பெயரையும் குலுக்கலில் போட்டுவிட்டார்கள்.

"உலகம்மை மேடத்துக்கு... ஏணிக்காரன்! சிரிப்புப் படம்!" என்று பிச்சையா வாசித்ததும் மொத்தக் கூடமும் சிரித்தது. நான் இன்னும் ஒன்றும் பேசவே இல்லை.

எதிர்த்தரப்பு டாக்டர் வேதமாணிக்கம். கால்நடை மருத்துவர். அவருக்குச் சோகப் படம். சும்மா நின்றாலே நாலு பேரைச் சிரிக்க வைக்கும் மனிதருக்குச் சோகம், எனக்குச் சிரிப்பு. குலுக்கலில் நம்பிக்கை வைப்பவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது.

டாக்டர் தொடர்ந்து மூன்று வருடமாக வழக்கில் தோற்று, மூன்று வருடமாகச் செயலாளர். வேண்டுமென்றே தோற்கிறார் என்று தையல் பள்ளி நடத்தும் மைமூன் அக்கா சொல்வாள். ஆதாரம் இல்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

துணி துவைத்தேன். மிளகாய் வற்றல் காயப் போட்டேன். தம்பி சிவசைலம் ஓசூரிலிருந்து பேசினான்.

"அக்கா, என்ன முடிவு பண்ணியிருக்க?"

"யோசிக்கேன்."

"மூணு வாரமா யோசிக்க. அவங்க இருபத்தேழாம் தேதி வரைக்குந்தான் டைம் குடுத்திருக்காங்க. துணை முதல்வர் போஸ்டு, அக்கா. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கணும். அம்மா போனதுக்கு அப்புறம் அந்த வீட்ல தனியா உக்காந்துக்கிட்டு என்ன செய்யுத?"

"மிளகாய் காயப் போடுதேன்."

அவன் சிரிக்கவில்லை. நான் சொல்வது நகைச்சுவை என்று யாருக்கும் தெரிவதில்லை. வழக்கில் எனக்கு இருக்கும் பெரிய பலவீனம் இதுதான்.

போவதாகத்தான் இருக்கிறேன். நல்ல வேலை, மரியாதையான பதவி. தம்பி வீட்டு மாடியில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, வெள்ளையடித்தும் வைத்திருக்கிறார்களாம். மறுக்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே வழக்கில் ஜெயித்தாக வேண்டும். தோற்றால் செயலாளர் ஆகி, உடனே ராஜினாமா செய்து, எல்லாருடைய முகத்திலும் முழிக்க வேண்டியிருக்கும். கழகத்தில் யாரிடமும் ஓசூரைப் பற்றிச் சொல்லவில்லை. ஜெயித்தால் சத்தமில்லாமல் போய்விடலாம்.

பிப்ரவரி 8, புதன்

'ஏணிக்காரன்' படத்தை என் கணினியில் பார்த்தேன். முப்பத்தொரு நிமிடம். நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் எங்கோ எடுத்தது. அசல் பெயர் எழுதிய அட்டை காணாமல் போய்விட்டது, ஆகவே இது நாங்கள் வைத்த பெயர். எங்கள் கழகத்து வழக்கம் அது. படத்தை விடப் பெயர் வைக்கத்தான் அதிக நேரம் சண்டை போடுவோம்.

தெருவிளக்கு ஏற்றுகிறவன் ஒருவன். மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்க ஏணி போட்டு ஏறுகிறான். விழுகிறான். மறுபடி ஏறுகிறான். ஒரு போலீஸ்காரன் தொப்பியின் மேல், ஒரு கேக்கின் மேல், ஒரு பாதிரியாரின் மேல் என்று மொத்தம் பதினான்கு தடவை விழுகிறான். கடைசியில் அந்தப் பெண் வாசல் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கி வந்துவிடுகிறாள். இதை அவள் முதல் காட்சியிலேயே செய்திருக்கலாம்.

என் சிரிப்பு: பூஜ்யம்.

இரண்டாம் முறை பார்த்தேன். பூஜ்யம். ஏழாவது விழுதலில் உதடு லேசாக அசைந்தது. ஆனால் அப்போது வாயில் ஏலக்காய் இருந்தது.

பிப்ரவரி 9, வியாழன்

பால்காரர் சைக்கிளோடு சாய்ந்தார். கவனித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. பாலும் வரவில்லை.

பிப்ரவரி 11, சனி

கூடத்தில் டாக்டருடைய படத்தை முன்னோட்டம் பார்த்தோம். பெயர் 'தபால்காரர் வீடு'. போர்க்காலம். ஒரு சிற்றூரில் வீடு வீடாக மரணச் செய்தி கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர், ஒரு நாள் தன் மகன் இறந்த செய்தியையே பையில் பார்க்கிறார். மனைவியிடம் சொல்ல முடியவில்லை. தினமும் மற்றவர்கள் கடிதங்களைக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டைத் தாண்டிப் போகிறார். கடைசியில் அவளே கண்டுபிடிக்கிறாள். அவள் ஜன்னலில் சாய்ந்ததும் அங்கே இருந்த பூந்தொட்டி தெருவில் விழுந்து உடைகிறது. கதையாகச் சொன்னால் அழுகை வரும்.

திரையில் பார்த்தபோது கூடம் சிரித்தது. தபால்காரர் கோழி திருடியவர் போலத் தன் வீட்டு வாசலைத் தாண்டி ஓடுகிறார். மனைவி கைக்குட்டையை மூன்று தடவை படபடவென்று கண்ணில் ஒற்றி எடுக்கிறாள்.

"ஏன் இந்தப் பொம்பள பஸ்ஸப் பிடிக்கப் போறவ மாதிரி அழுவுதா?" என்றாள் மைமூன் அக்கா. எந்தப் படத்துக்கும் முதலில் அழுகிறவள் அவள்தான்.

எங்கள் படங்களுக்கு இசை டாக்டருடைய கீபோர்டுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசிப்பார், சனிக்கிழமை எங்களுக்கு. இன்று பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"மேடம், இந்த வேகத்துக்கு ஒப்பாரி வாசிச்சா கல்யாண பேண்டு மாதிரி கேக்கு."

"படம் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

"அப்ப எனக்கு நாலாவது வருஷமும் உறுதி. பரவால்ல. ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து பழகிப் போச்சு."

"அந்தக் காலத்து ஆளுக அப்பிடித்தான்வே அழுவாங்க" என்றார் பிச்சையா, ஏதோ நேரில் பார்த்தவர் போல.

வழக்கு எனக்குச் சாதகம். வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். அந்த மனைவியின் முகம் மட்டும் ஏனோ அந்த வேகத்தோடு பொருந்தவில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தோன்றுவது ஆதாரம் ஆகாது.

பிப்ரவரி 14, செவ்வாய்

கல்லூரியில் பிள்ளைகள் சிவப்பு உடையில் வந்து, ரோஜாப் பூவை ஆய்வக உப்புநீர்க் குடுவையில் போட்டு வைத்திருந்தார்கள். கொட்டிவிடச் சொன்னேன். பிறகு கொட்டவேண்டாம் என்றேன்.

வாதத்துக்கு ஏதாவது உருப்படியான புள்ளிவிவரம் வேண்டுமே என்று ஏணிக்காரன் விழுவதை அளந்தேன். இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஏணியின் படிகளுக்கு இடையே ஓரடி என்று வைத்தால், அவன் விழும் உயரம் சுமார் நான்கு மீட்டர். படத்தை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஃபிரேமாக, நகர்த்தி எண்ணினேன். ஐந்து விழுதலின் சராசரி பதினான்கரைச் சட்டம். கணினியில் படம் ஓடுவது விநாடிக்கு இருபத்து நான்கு சட்டம். ஆகவே விழும் நேரம் அரை விநாடிக்குச் சற்று மேல். இதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டேன்.

வர வேண்டியது 9.8. வந்தது 22.

திரும்பப் போட்டேன். 22. கூட்டலில் பிழை இல்லை. சூரியக் குடும்பத்தில் இதற்கு அருகில் இருப்பது வியாழன் கோள்தான், அங்கே 24.8. ஆக இந்தப் படம் பூமியில் எடுக்கப்படவில்லை. நம் ஏணிக்காரன் வியாழன் கோளில் காதலித்துக்கொண்டிருக்கிறான்.

இதை எழுதும்போது தனியாக இருந்தேன் என்பதால் மட்டும் குறித்து வைக்கிறேன்: லேசாகச் சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 15, புதன்

காலையில் தோசை ஊற்றும்போதுதான் உறைத்தது. வியாழனும் இல்லை, சனியும் இல்லை. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்குச் சுமார் பதினாறு சட்டம். அதை நம் கணினி இருபத்து நான்காக ஓட்டுகிறது. எல்லாமே ஒன்றரை மடங்கு வேகம்.

தோசை கருகியது. அப்படியே விட்டுவிட்டு, 'தபால்காரர் வீடு' படத்தைப் போட்டேன். பூந்தொட்டி. கீழே நிற்கும் தபால்காரரை அளவுகோலாக வைத்தால் ஜன்னலின் உயரம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தொட்டி பதின்மூன்று சட்டத்தில் தரையைத் தொடுகிறது. கணக்கு 21 என்றது. அதே பிழை.

அந்தப் பெண் பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. நாம்தான் அவளைத் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். கல்லூரிக்கு நாற்பது நிமிடம் தாமதம். இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறை.

இதை டாக்டரிடம் சொன்னால் அவர் ஜெயிப்பார். சொல்லாவிட்டால் நான் ஜெயிப்பேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆதாரம் திரட்டிக் கொடுப்பது என் வேலை இல்லை.

பிப்ரவரி 16, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி ஊசல் சோதனையில் 9.8 வருவதற்காக அளவுகளைத் திருத்தி எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்து, "தெரிந்ததை மறைப்பதும் பொய்தான்" என்று அவளிடம் ஐந்து நிமிடம் பேசினேன். அவள் அழுதாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வெயில் அதிகம்.

பிப்ரவரி 19, ஞாயிறு

டாக்டருக்கு நேற்று போன் செய்து, இன்று பதினோரு மணிக்குக் கூடத்துக்கு வரச் சொன்னேன். பிச்சையாவையும் வரச் சொன்னேன், அவர் இல்லாமல் புரொஜெக்டரைத் தொட முடியாது. டாக்டர் தேவாலயத்திலிருந்து கீபோர்டோடு நேராக வந்தார்.

கரும்பலகையில் கணக்கை, வியாழன் கோள் உட்பட, போட்டுக் காட்டினேன். பிச்சையா கேட்டுவிட்டு, "ஓடுற மிஷின்ல கை வைக்கக் கூடாதும்மா" என்றார்.

"ஓடுகிறது. தப்பாக ஓடுகிறது."

"கரண்டு பில்லு மாதிரி பேசாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வேகத்தைக் குறைத்தார்.

மூன்று பேரும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தோம். தபால்காரர் தன் வீட்டு வாசலில் நிற்கிறார். ஓடவில்லை. நிற்கிறார். கை பைக்குள் போகிறது, வெளியே வருகிறது. பதினோரு விநாடி. அப்புறம் நடந்து போகிறார். போனமுறை இதே இடத்தில்தான் கூடம் விழுந்து விழுந்து சிரித்தது.

முடிந்ததும் டாக்டர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

"இத என்னத்துக்கு மேடம் எங்கிட்ட சொல்லுதீங்க? உங்களுக்கு ஜெயிக்கணும்னு ஆசை இல்லையா?"

"தப்பான அளவை வைத்து ஜெயிக்க முடியாது. அவ்வளவுதான்."

"தோத்தா செயலாளர். நாற்காலி எண்ணணும், பிச்சையா அண்ணாச்சியோட சண்ட போடணும்."

"ஜெயித்துவிடுவேன். ஜெயித்ததும் ஓசூர் போகிறேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேலை, தம்பி, இருபத்தேழாம் தேதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவர் அதைத் தலைகீழாகப் போட்டார். கழற்றி மறுபடி போட்டார்.

"நல்ல ஊரு" என்றார். "குளிரும்."

இறங்கும்போது மாடிப்படியில் கடைசி மூன்று படிகளை நான் உட்கார்ந்தவாறே கடந்தேன். கைப்பையும் கூடவே வந்தது. டாக்டர் ஓடிவந்து குனிந்தார். சிரிக்கவில்லை. கணுக்காலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கால ஊணுங்க. வலிக்கா?"

நான் கைப்பையைத் தேடினேன்.

"ஆடு மாதிரி பேசாம இருந்தா எப்பிடி? ஆடுன்னா நான் கண்ணப் பாத்துக் கண்டுபிடிச்சுருவேன். உங்க கண்ணுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்கே."

அப்போதுதான் வந்தது. வழக்கமாக வருவது போல உதட்டோடு நிற்காமல், வயிற்றிலிருந்து. நிறுத்த முடியவில்லை. மேலே நின்ற பிச்சையா, "தலையில கிலையில அடி பட்டுருக்கான்னு பாருங்க டாக்டர்" என்றார்.

கணுக்காலில் வீக்கம் இல்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

சிவசைலம், அவன் மனைவி மங்கை என் அறைக்கு வாங்கிய திரைச்சீலையின் படம் அனுப்பியிருந்தான். நீலத்தில் வாத்துகள். "பிடிச்சிருக்கா அக்கா?" நன்றாக இருக்கிறது என்று அனுப்பினேன். வாத்துகள் ஒவ்வொன்றும் இடப்பக்கம் பார்க்கின்றன.

கழகத்தின் அடுத்த வருடத்துக்குப் படங்களின் பட்டியல் ஒன்று தயாரித்தேன். இருபத்து நான்கு படம். ஒவ்வொன்றுக்கும் சரியான வேகம் என்ன என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். வருகிற செயலாளர் யாராக இருந்தாலும் உதவும். நாற்காலிகளில் ஆறு உடைந்திருப்பதையும் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணியது.

பிப்ரவரி 23, வியாழன்

மைமூன் அக்கா ரவிக்கை அளவு எடுக்கும்போது கேட்டாள்: "ஏளா, நீ டாக்டருக்கே பாயிண்டு எடுத்துக் குடுத்தியாமே? பிச்சையா ஊர் பூரா சொல்லிட்டாரு. தோக்கணும்னு வேண்டுதலா?"

"அறிவியல் நேர்மை."

"அது எந்தக் கோயில்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஊசியைப் பல்லில் கடித்தபடி சிரித்தாள். விழுங்கிவிடப் போகிறாள் என்று பயமாக இருந்தது.

பிப்ரவரி 25, சனி

நாளைக்கு என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். சுமாராகப் பேசினால் போதும், டாக்டருடைய படத்துக்கு முன்னால் அது தானாகத் தோற்கும். ஆனால் சுமாராகப் பேசுவது எப்படி என்று தெரியவில்லை. எழுதியதை மூன்று தடவை மோசமாக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மேம்பட்டுவிட்டது.

பிப்ரவரி 26, ஞாயிறு

வழக்கு நடந்தது. வந்தவர்கள் இருபத்திரண்டு பேரும். பிச்சையாவுக்கே ஆச்சரியம்.

முதலில் 'தபால்காரர் வீடு', சரியான வேகத்தில். டாக்டர் வாசித்தார். வாசித்தார் என்பதை விட, பல இடங்களில் வாசிக்காமல் இருந்தார். தபால்காரர் வாசலில் நின்ற பதினோரு விநாடியும் கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மைமூன் அக்கா அழுது, பக்கத்தில் இருந்தவரின் துண்டையும் வாங்கி அழுதாள்.

பிறகு டாக்டர் எழுந்து பேசினார். முன்பெல்லாம் இரண்டு ஜோக் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த வருடம் மட்டும் ஏனோ நான்கு பக்கம் எழுதிவைத்திருந்தார். தேய்த்த சட்டை.

"இந்த ஆளு அம்பது வீட்டுக்கு லெட்டர் குடுத்தாரு. தன் வீட்டு வாசல்ல நிக்கையில வாய் வரல. பேச வேண்டிய இடத்துல பேசாம நடந்து போயிட்டாரு. ஊமைப்படம்னா இதுதான். ஏணியில இருந்து விழுந்தவன் எந்திரிச்சிருவான். பேசாம போன ஆளு எந்திரிக்கவே இல்ல. இதுக்கு ஓட்டுப் போடுங்க. இந்த ஒரு தடவ நான் ஜெயிச்சே ஆகணும். காரணம் கேக்காதீங்க."

யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை.

அடுத்து என் படம். "மேடம், உங்களதையும் மெதுவாக்கிரவா? நியாயம்னா ரெண்டுக்கும் நியாயம்" என்றார் பிச்சையா.

"வேண்டாம். என் ஆள் வியாழன் கோளிலேயே இருக்கட்டும்."

கூடம் சிரித்தது. நான் நகைச்சுவை சொன்னது ஒருவருக்குப் புரிவது இதுவே முதல் முறை, அதுவும் இருபத்தோரு பேருக்கு ஒரே நேரத்தில். அது கொஞ்சம் ஆபத்தானது. குடித்தவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல.

படம் ஓடி முடிந்ததும் பேச எழுந்தேன். மோசமாகப் பேச வேண்டும் என்று நினைவில் இருந்தது. ஆனால் வாய் வேறு யாருடையதோ.

"இரண்டு படத்துக்கும் ஒரே பிழைதான். சோகத்தை அது கொன்றுவிட்டது. சிரிப்பை ஒன்றும் செய்யவில்லை. ஏன்? அழுகைக்குப் பூமி வேண்டும். தொட்டி விழ எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆக வேண்டும், ஒரு நொடி குறைந்தாலும் அது பொய். சிரிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த மனிதன் விழுகிறான், அடிபடவில்லை, மறுபடி ஏறுகிறான். இயற்பியல் விதிப்படி மூன்றாவது தடவையே அவன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவனுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. முப்பத்தொரு நிமிடம் நமக்கும் சேர்த்து. மூன்று வாரத்துக்கு முன்னால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போன ஞாயிறு இந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் நானே ஆராய்ச்சி செய்தேன். விழுந்தேன். எழுந்தேன். ஆடு என்று சொல்லப்பட்டேன்."

அதற்கு மேல் பேச விடவில்லை. கை தட்டினார்கள்.

புளியங்கொட்டை எண்ணினார் பிச்சையா. தபால்காரருக்குப் பத்து. ஏணிக்காரனுக்குப் பன்னிரண்டு.

நான் ஜெயித்துவிட்டேன்.

மைமூன் அக்காவின் கண் இன்னும் சிவந்திருந்தது. "நீ அதுக்குத்தானே அழுத?" என்று கேட்டேன். "அழுதா வீட்டுக்கு எப்பிடிப் போவேன்? சிரிச்சிட்டுத்தான் போவேன்" என்றாள். ஓட்டுப் போடுவதில் இப்படி ஒரு தர்க்கம் இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் வந்து கை குலுக்கினார். "வாழ்த்துகள் மேடம். நாலாவது வருஷம்" என்றார். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். உறை போடவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் கடமைப்பட்டிருக்கவில்லை, எதையும் ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. நாளை காலை பத்து மணிக்கு ஓசூருக்குச் சம்மதக் கடிதம் அனுப்புவேன். கடிதம் தயாராக இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

பிப்ரவரி 27, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்கு சிவசைலம் பேசினான்.

"அக்கா, அனுப்பிட்டியா?"

"இல்லப்பா. வர முடியாது."

"என்னது?"

"இங்க ஒரு பொறுப்பு வந்திருச்சு. செயலாளராப் போட்டுட்டாங்க."

"எந்த ஆபீஸ்ல?"

"மௌனப்படக் கழகத்துல."

அவனுக்குப் புரிய நான்கு விநாடி ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊமைப்படத்துக்கா?"

"ஆமா. ஒரு வருஷம். தோத்தவங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. விதி."

"நீ தோத்துட்டியா?"

"ஆமா."

பெருமூச்சு விட்டான். "வேற யாராவது சொன்னா சாக்குன்னு நினைப்பேன். நீ பொய் சொல்ல மாட்ட. சரி, நான் அவங்ககிட்டப் பேசிக்கிடுதேன். வாத்துத் திரைச்சீலைய மங்கை ஹால்ல மாட்டிக்கிடட்டும்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றேன். அளவைத் திருத்தி எழுதியதற்காகப் பத்து நாளைக்கு முன்னால் ஒரு பெண்ணை அழவைத்தவள் நான். இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். சொன்ன பொய்யை உடனடியாக உண்மையாக்க வேண்டும்.

கல்லூரிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு ஆடு, ஒரு நாய்க்குட்டி, கூண்டில் ஒரு கிளி வரிசையில் இருந்தன. டாக்டர் பின்பக்கக் கொட்டகையில் இருந்தார். தோள் வரை பிளாஸ்டிக் உறை மாட்டி, இடது கையை ஒரு செவலைப் பசுவுக்குள் விட்டு, வலது கையால் வாலை விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பசுவின் சொந்தக்கார அம்மாள் கயிற்றைப் பிடித்து நின்றாள்.

"மேடம்? என்ன, கால் வலியா?"

"செயலாளர் பதவி எனக்கு வேணும்."

"நீங்க ஜெயிச்சுட்டீங்களே."

"தெரியும்."

"ஜெயிச்சவங்களுக்குக் குடுக்கக் கூடாது. விதி."

"எங்க எழுதியிருக்கு?"

யோசித்தார். "எங்கயும் எழுதல. எழுதுறது செயலாளர் வேல. மூணு வருஷமா நான்தான் செயலாளர்."

"அப்ப விதியே இல்ல."

"ஓசூர்?"

"குளிரும்னு சொன்னீங்க."

அவர் பசுவைப் பார்த்தார். நானும் பசுவைப் பார்த்தேன். அது எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"சார்" என்றாள் அந்த அம்மாள், "அவுக கேக்கிறதக் குடுத்து அனுப்பிட்டு மாட்டப் பாருங்க. அது எம்புட்டு நேரம் நிக்கும்?"

"கூடத்துச் சாவி சட்டைப் பையில இருக்கு மேடம்" என்றார் டாக்டர். காது வரை சிவந்திருந்தது. "எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு. நீங்கதான் எடுத்துக்கிடணும்."

எடுத்தேன்.

மாடு நான்கு மாதச் சினையாம்.